அரிசியை நிறுத்தியாச்சு, சுகர் ஏன் இறங்கவில்லை?

அப்பாவுக்குச் சர்க்கரை என்று தெரிந்த வாரமே எங்கள் வீட்டு மளிகைப் பட்டியல் தலைகீழாக மாறிவிட்டது. பாதி தீர்ந்திருந்த பொன்னி அரிசி மூட்டை சித்தப்பா வீட்டுக்குப் போனது. பதிலுக்குக் கேழ்வரகு மாவு, கோதுமை மாவு, சாமை, வரகு, குதிரைவாலி, ஓட்ஸ் டப்பா எல்லாம் வந்து அலமாரியில் உட்கார்ந்தன. காலையில் பெரிய சொம்பில் கேழ்வரகுக் கஞ்சி, இரவில் நாலு சப்பாத்தி. ஒரு மாதம் அரிசியைத் தொடவே இல்லை. மாதக் கடைசியில், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து மீட்டரில் பார்த்தால் எண் அசையவில்லை.

"மீட்டர் கோளாறு" என்றார் அப்பா. "அரிசியே இல்லையேப்பா, அப்புறம் எப்படி ஏறும்?"

மீட்டர் சரியாகத்தான் இருந்தது. அப்பா கேட்ட கேள்விக்கு விடை தேடப் போய்த்தான் நான் தானியங்களைப் பற்றிக் கொஞ்சம் படித்தேன். சர்க்கரை வந்த வீடுகளில் முதலில் எழும் கேள்வி "எந்தத் தானியம் நல்லது?" என்பது. அதைவிட முக்கியமான மூன்று கேள்விகள் இருக்கின்றன: எவ்வளவு, எந்த அளவுக்கு அரைத்தது, எதோடு சேர்த்து.

அடிப்படையிலிருந்து வருவோம். நெல்லோ கம்போ கோதுமையோ, எந்தத் தானிய மணியும் செடி தன் அடுத்த தலைமுறைக்குக் கட்டிக் கொடுக்கும் சோற்று மூட்டைதான். வெளியே உமி. அதற்குள் தவிட்டுப் படலம், ஓரத்தில் முளைக்கரு, நடுவில் பெரிய மாவுப் பகுதி. இந்த மாவு குளுக்கோஸ் மணிகளை நீளமாகக் கோத்த மாலை போன்றது. நம் குடல் அந்த மாலையை அறுத்து, மணி மணியாக இரத்தத்துக்கு அனுப்புகிறது. இரத்தத்தில் கலந்தபின் அது அரிசியில் இருந்து வந்ததா, கேழ்வரகில் இருந்து வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது.

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட அட்டவணையைப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் அதிர்ச்சியாகத்தான் இருந்தது. சமைக்காத, தீட்டிய அரிசி 100 கிராமில் 78 கிராம் மாவுச்சத்து. சரி, எதிர்பார்த்ததுதான். ஆனால் சோளத்தில் 68, கேழ்வரகில் 67, வரகில் 66, கோதுமை மாவில் 64, கம்பில் 62. "சுகருக்கு நல்லது" என்று நாம் வாங்கும் தானியங்களுக்கும் அரிசிக்கும் வித்தியாசம் 10 முதல் 16 கிராம்தான். இரண்டு கரண்டி கூடுதலாகப் போட்டுக்கொண்டால் அந்த லாபம் அங்கேயே கரைந்துவிடும்.

உண்மையான வித்தியாசம் நார்ச்சத்தில் இருக்கிறது. தீட்டிய அரிசியில் 3 கிராமுக்கும் குறைவு. கேழ்வரகு, கம்பு, முழுக் கோதுமை மாவு ஆகியவற்றில் 11 கிராம் அளவுக்கு உண்டு. சோளத்தில் 10, சாமையில் 8-க்குக் கொஞ்சம் குறைவு, வரகில் 6. நார்ச்சத்து செரிக்காது. மாவை அறுக்க வரும் என்சைம்களின் வழியில் நின்று வேலையை இழுத்தடிக்கும். ஒரேயடியாக ஏற வேண்டிய சர்க்கரை கொஞ்சம் கொஞ்சமாக ஏறும்.

இந்த வேகத்தை அளக்கத்தான் கிளைசீமிக் இண்டெக்ஸ் என்ற கணக்கு வந்தது. 1981-இல் டொரன்டோ பல்கலைக்கழகத்தில் டேவிட் ஜென்கின்ஸ் குழுவினர் முன்வைத்தது. 50 கிராம் மாவுச்சத்து கிடைக்கும் அளவுக்கு ஓர் உணவைக் கொடுத்து, அடுத்த இரண்டு மணி நேரம் இரத்தச் சர்க்கரை எப்படி ஏறி இறங்குகிறது என்று பார்ப்பார்கள். அதே ஆளுக்கு இன்னொரு நாள் 50 கிராம் குளுக்கோஸ் கொடுத்து அதையும் பார்ப்பார்கள். குளுக்கோஸுக்கு 100 என்று வைத்தால் அந்த உணவுக்கு எவ்வளவு என்பதுதான் எண். 55 வரை குறைவு, 56 முதல் 69 வரை நடுத்தரம், 70-உம் அதற்கு மேலும் அதிகம். சென்னையில் உள்ள மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் பவுண்டேஷன் நம்மூர் அரிசி வகைகளை இப்படி அளந்து பார்த்தபோது பொன்னிக்கு 70, சோனா மசூரிக்கு 72 வந்தது. இரண்டுமே அதிகம் என்ற பிரிவில்தான் விழுகின்றன.

இதே கணக்கில் இன்னொரு விஷயம் என் கண்ணில் பட்டது. உலக அளவிலான பட்டியல்களில் வெள்ளை பிரெட்டுக்குச் சராசரி 75. முழுக்கோதுமை பிரெட்டுக்கு? 74. தவிடு இருக்கிறது, நார்ச்சத்து இருக்கிறது, ஆனாலும் வேகம் கிட்டத்தட்ட ஒன்றுதான்! காரணம், இரண்டுமே நைஸாக அரைத்த மாவு. மணி முழுதாக இருக்கும்போது அதன் தவிடும் செல் சுவர்களும் உள்ளே இருக்கும் மாவுக்கு மதில் மாதிரி. அரைக்கும்போது மதில் இடிந்து மாவோடு கலந்துவிடுகிறது. நார்ச்சத்து அளவில் குறையவில்லை. ஆனால் காவல் போய்விட்டது.

அதனால் தானியத்தின் பெயரைப் பார்ப்பதற்கு முன் அதன் உருவத்தைப் பாருங்கள். முழு மணியாக வேகவைத்தது மெதுவாக ஏற்றும். உடைத்த ரவை அதைவிடச் சற்று வேகம். மாவு இன்னும் வேகம். அந்த மாவையே நிறையத் தண்ணீர் விட்டுக் கொதிக்கவைத்துக் கஞ்சியாகக் குடித்தால் மெல்லும் வேலைகூட இல்லை, நேராக இறங்கிவிடும்.

அப்பாவின் கேழ்வரகுக் கஞ்சி அப்படித்தான் காலை வாரியது. கேழ்வரகைக் குறை சொல்ல மாட்டேன். அதன் தோல் உள்ளே இருக்கும் மாவோடு இறுக ஒட்டியிருப்பதால் அரிசி மாதிரி எளிதாகத் தீட்டவும் முடியாது. ஆகவே தோலோடு அரைத்த முழுத் தானியமாகவே நமக்குக் கிடைக்கிறது. 100 கிராமில் 364 மில்லிகிராம் கால்சியம். இதில் வேறு எந்தத் தானியமும் அதன் பக்கத்தில் வராது. ஆனால் அம்மா கஞ்சிக்குப் போட்ட மாவை ஒருநாள் நிறுத்துப் பார்த்தேன். 80 கிராம். கணக்குப் போட்டால் 54 கிராம் மாவுச்சத்து, அதுவும் ஐந்து நிமிடத்தில் குடித்து முடிக்கிற உருவத்தில். இப்போது அதே மாவில் பாதி எடுத்து, முருங்கைக்கீரை, வெங்காயம், கொஞ்சம் வேர்க்கடலைப் பொடி சேர்த்து அடையாகத் தட்டுகிறோம். இரண்டு அடை சாப்பிட இருபது நிமிடம் ஆகிறது. அப்பா புலம்புகிறார், ஆனால் சாப்பிடுகிறார்.

சப்பாத்தி கதை இன்னும் வேடிக்கை. சர்க்கரை வந்தால் இரவில் சப்பாத்தி என்பது தமிழ்நாட்டில் எழுதப்படாத சட்டம். எங்கள் வீட்டுச் சப்பாத்தி ஒன்றுக்கு 35 கிராம் மாவு போகிறது. அப்படியென்றால் 22 கிராம் மாவுச்சத்து. நாலு சப்பாத்திக்கு 90 கிராமை ஒட்டி வருகிறது, தொட்டுக்கொள்ளும் உருளைக்கிழங்கு குருமா தனிக் கணக்கு. சர்க்கரை வருவதற்கு முன் அப்பா இரவில் சாப்பிட்டது நாலு இட்லி. சின்ன இட்லிக்கு 10, 12 கிராம் என்று வைத்தாலும் 50-ஐத் தாண்டாது. பத்தியம் என்று நினைத்து மாவுச்சத்தைக் கிட்டத்தட்ட இரட்டிப்பாக்கியிருந்தோம்! சப்பாத்தியின் கிளைசீமிக் இண்டெக்ஸ் பட்டியல்களில் 52 என்று இருக்கிறது, அரிசியைவிட நல்ல எண்தான். அந்த நல்ல எண் இரண்டு சப்பாத்தியோடு நிறுத்துகிறவருக்கு உதவும்.

அளவையும் வேகத்தையும் சேர்த்துப் பார்ப்பதற்குக் கிளைசீமிக் லோடு என்று ஒன்று உண்டு. இண்டெக்ஸை அந்தத் தட்டில் இருக்கும் மாவுச்சத்து கிராமால் பெருக்கி 100-ஆல் வகுக்க வேண்டும். 20-ஐத் தொட்டாலே அதிகம் என்பார்கள். அப்பா முன்பெல்லாம் மதியம் போட்டுக்கொண்ட பொன்னிச் சோறு, சமையலறைத் தராசில் 420 கிராம். 100 கிராம் சோற்றில் 28 கிராம் மாவுச்சத்து இருக்கும் என்று எடுத்தால் 118 கிராம். லோடு 83-ஐ நெருங்குகிறது. அதே சோறு 150 கிராம் என்றால் 42 கிராம் மாவுச்சத்து, லோடு 29. இதுவும் குறைவு என்று சொல்ல முடியாதுதான். ஆனால் 83 எங்கே, 29 எங்கே. தானியத்தை மாற்றி இவ்வளவு பெரிய இறக்கம் கிடைக்காது. பல உணவியல் நிபுணர்கள் ஒரு வேளைக்கு 45 முதல் 60 கிராம் மாவுச்சத்து என்று தொடங்குகிறார்கள். அது ஆளின் எடை, வேலை, மருந்து இவற்றைப் பொறுத்து ஏறி இறங்கும்.

சரி, சிறுதானியத்துக்கு வருவோம். சாமை, வரகு, தினை, குதிரைவாலி, பனிவரகு எல்லாவற்றுக்கும் வெளியே சாப்பிட முடியாத உமி உண்டு. அதை நீக்கித்தான் ஆக வேண்டும். பல ஆலைகள் அதோடு நிற்பதில்லை, தவிட்டையும் சேர்த்துத் தீட்டிவிடுகின்றன. தவிட்டில் எண்ணெய் இருப்பதால் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும், வண்டு வரும், கடைக்காரருக்கு நஷ்டம். வாங்குகிறவர்களுக்கும் பளிச்சென்று வெள்ளையாக இருந்தால்தான் பிடிக்கிறது. அப்படித் தீட்டிய சாமைக்கும் அரிசிக்கும் என்ன பெரிய வித்தியாசம்? கையில் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். தவிடு உள்ளதென்றால் நிறம் மங்கலாக, பழுப்போ சாம்பலோ கலந்து, மணிக்கு மணி சீராக இல்லாமல் இருக்கும். கைவிரலில் லேசாக மாவு ஒட்டும். வேக நேரமும் தண்ணீரும் கூடுதலாகக் கேட்கும். பாலிஷ் போட்டது தந்த நிறத்தில் வழவழவென்று, பத்து நிமிடத்தில் குழைந்துவிடும். தீட்டாததைக் குறைவாக வாங்கி, சீக்கிரம் செலவு பண்ணிவிடுவது நல்லது.

கம்பு, சோளம் இரண்டும் இந்த விஷயத்தில் நமக்குச் சாதகம். உரலில் குத்திப் புடைத்தோ, லேசாக உடைத்தோ சமைக்கும் வழக்கம் இருப்பதால் பெரும்பாலும் தவிடோடுதான் கிடைக்கும். இரவே ஊறவைத்த முழுச் சோளத்தைக் குக்கரில் வேகவைத்துச் சுண்டல் மாதிரி தாளித்தால் ஒரு கிண்ணமே வயிற்றை அடைத்துவிடும். தைராய்டு பிரச்சினை உள்ளவர்கள் கம்பை மட்டுமே தினமும் மூன்று வேளையும் நம்பியிருக்க வேண்டாம், மாற்றி மாற்றிச் சாப்பிடலாம்.

யாருமே கண்டுகொள்ளாத ஒரு தானியம் இருக்கிறது, பார்லி. பட்டியல்களில் அதன் கிளைசீமிக் இண்டெக்ஸ் வெறும் 28. கொண்டைக்கடலைக்கும் அதே 28தான். அதில் உள்ள பீட்டா குளுக்கான் என்ற நார்ச்சத்து வயிற்றில் கூழ் போலக் கெட்டிப்பட்டுச் செரிமானத்தை நிதானப்படுத்துகிறது. நம் வீடுகளில் நீர்க்கடுப்பு வந்தால் பார்லியை வேகவைத்துத் தண்ணீரைக் குடித்துவிட்டு மணியைக் கொட்டிவிடுகிறோம். சர்க்கரைக்காரருக்கு வேண்டியது கொட்டுகிற அந்த மணி. நான்கு மணி நேரம் ஊறவைத்து, காய்கறி போட்டு உப்புமாவோ, சோறுபோல வடித்துச் சாம்பாரோடோ சாப்பிடலாம். கொஞ்சம் ரப்பர் மாதிரி மெல்ல வேண்டியிருக்கும். அதுவும் நல்லதற்குத்தான்.

ஓட்ஸிலும் பீட்டா குளுக்கான் உண்டு. ஆனால் தடிமனான அவல் மாதிரி இருக்கும் ஓட்ஸுக்கு இண்டெக்ஸ் 55 என்றால், இரண்டு நிமிடத்தில் வேகும் இன்ஸ்டன்ட் ஓட்ஸுக்கு 79. மசாலா பாக்கெட் வகையைத் தொடாதீர்கள், அவ்வளவுதான்.

அரிசியை விடவே முடியாது என்கிறவர்களும் உண்டு. நானும் அந்தக் கட்சிதான். அவர்களுக்குப் பச்சரிசியைவிடப் புழுங்கல் மேல். நெல்லாக இருக்கும்போதே அவித்துக் காயவைப்பதால் உள்ளே உள்ள மாவு ஒருமுறை வெந்து, ஆறி, இறுகிவிடுகிறது. தவிட்டில் இருக்கும் பி வைட்டமின்களில் கொஞ்சம் உள்ளேயும் இறங்கிவிடுகிறது. கைக்குத்தல் கிடைத்தால் இன்னும் நல்லது. இன்னொரு கண் பரிசோதனை: வெந்த சோறு உதிரியாக நின்றால் அதில் அமைலோஸ் என்ற நேர்ச் சங்கிலி மாவு அதிகம், மெதுவாக அறுபடும். பிசுபிசுவென்று ஒட்டினால் கிளை கிளையாகப் பிரியும் அமைலோபெக்டின் அதிகம், வேகமாக அறுபடும். கறுப்புக் கவுனியை எல்லா இடத்திலும் சர்க்கரைக்கு மருந்து மாதிரி விற்கிறார்கள். அதன் கறுப்பு நிறம் தவிட்டில் இருக்கும் ஆந்தோசயனின், அது நல்ல சரக்குதான். ஆனால் அது ஒட்டும் ரக அரிசி. செட்டிநாட்டில் அதைக் காலங்காலமாகச் சர்க்கரையும் தேங்காயும் போட்டு இனிப்பாகத்தான் செய்திருக்கிறார்கள். மாப்பிள்ளைச் சம்பாவும் அரிசியே. தவிடோடு கிடைத்தால் வாங்குங்கள், ஆனால் தராசை மறந்துவிடாதீர்கள்.

பழைய சோறு பற்றிக் கேட்பார்கள். சோறு இரவெல்லாம் ஆறும்போது மாவில் ஒரு பகுதி செரிமானத்துக்கு எளிதில் மசியாத உருவத்துக்கு மாறுவது உண்மை. ஆனால் அந்தப் பகுதி சின்னது. அதை நம்பி இரண்டு சட்டி குடிக்கக் கூடாது.

ஜவ்வரிசி பெயரில் மட்டுமே அரிசி. சேலம் பக்கம் ஆலைகளில் மரவள்ளிக் கிழங்கு மாவிலிருந்து செய்வது. நார்ச்சத்து என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. ராகி சேமியா, சிறுதானிய நூடுல்ஸ், மல்டிகிரெயின் பிரெட் வாங்கும்போது பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். எது எடையில் அதிகமோ அதைத்தான் முதலில் எழுத வேண்டும் என்பது விதி. முன்பக்கம் கேழ்வரகுக் கதிர் படம், பின்பக்கம் முதல் பெயர் மைதா என்றால் திரும்ப அடுக்கிலேயே வைத்துவிடலாம்.

அடுத்தது, எதோடு சேர்த்து. தட்டில் பாதி காய்கறி, கீரை. கால் பங்கு பருப்பு, சுண்டல், முட்டை, மீன் ஏதாவது. மீதிக் கால் பங்குதான் தானியம். நம் இலையில் இது நேர்மாறு: நடுவில் மலைபோல் சோறு, மூலையில் ஒரு சிட்டிகை பொரியல். காய்கறியையும் பருப்பையும் முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றைக் கடைசியில் சாப்பிட்டால், அதே உணவுக்குச் சர்க்கரை ஏறுவது குறைகிறது என்று ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். அப்பா இப்போது முதலில் ஒரு கிண்ணம் பொரியலை வெறுமனே சாப்பிடுகிறார். "பந்தியில் குழம்பு வர லேட்டானால் இப்படித்தான் சாப்பிடுவோம்" என்று ஒரு கிண்டல் வேறு. அடை மாவில் அரிசிக்குச் சமமாகப் பருப்பு போடும் பழைய பக்குவம் இந்தக் கணக்குக்கு அழகாகப் பொருந்துகிறது.

ஒரு எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு நாளையே சோற்றைப் பாதியாகக் குறைப்பதற்கு முன் மருந்துச் சீட்டைப் பாருங்கள். இன்சுலின் போடுகிறவர்களும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரை எடுப்பவர்களும் திடீரென்று மாவுச்சத்தைக் குறைத்தால் சர்க்கரை 70-க்குக் கீழே போய், வியர்த்து, கை நடுங்கி, மயக்கமே வரலாம். மருத்துவரிடம் சொல்லி மருந்து அளவையும் சேர்த்துச் சரிசெய்ய வேண்டும். தாழ்சர்க்கரை வந்துவிட்டால் அப்போது முழுத்தானியம் உதவாது, மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடித்தாக வேண்டும். சிறுநீரகம் பாதித்தவர்களுக்கும் இந்தக் கட்டுரையின் அறிவுரை அப்படியே பொருந்தாது. தவிடுள்ள தானியங்களில் பொட்டாசியமும் பாஸ்பரஸும் அதிகம்.

மற்றபடி உங்கள் உடம்புக்கு எது ஒத்துக்கொள்கிறது என்பதைப் பட்டியல்களைவிட மீட்டர் நன்றாகச் சொல்லும். ஒரே தானியம் ஒருவருக்கு ஏற்றுவதும் இன்னொருவருக்கு ஏற்றாததும் சகஜம். சாப்பிடுவதற்கு முன் ஒருமுறை, முதல் வாய் வைத்ததிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒருமுறை பாருங்கள். பெரும்பாலானவர்களுக்கு இரண்டாவது எண் 180-க்குள் இருப்பது இலக்கு. ஒரு வாரம் காலையில் சாமை, அடுத்த வாரம் அதே எடையில் உடைத்த கோதுமை, குழம்பையும் காயையும் மாற்றாமல். இப்படிச் செய்தால் எந்தத் தானியம் உங்களுக்குத் தோழன் என்று ஒரு மாதத்தில் தெரிந்துவிடும்.

அப்பா இதற்காக ஒரு நாற்பது பக்க நோட்டு போட்டிருக்கிறார். தேதி, தானியம், கிராம், முன், பின் என்று ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட ஐந்து கட்டங்கள். பொன்னியும் 150 கிராம் என்ற எடையில் அதில் திரும்ப இடம்பிடித்துவிட்டது. பொங்கல் அன்றைக்கு மட்டும் தேதி இருக்கிறது, மற்ற நான்கு கட்டமும் காலி.